முதல் மேசை பேண்ட்காரர்களுக்கு

அன்புள்ள ஜூட்,

நீ அனுப்பிய கல்யாண அழைப்பிதழின் மாதிரி என் போனுக்கு வந்தது. எழுத்து அழகாக இருக்கிறது. ஷாலினியின் பெயரும் உன் பெயரும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்க மனசு நிறைந்தது. உன் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டிருந்ததை விரலால் மறைத்துவிட்டுப் பெயரை மட்டும் படித்தேன். அதற்குப் பிறகுதான் என் பெயருக்குக் கீழே இருந்த வரியைப் படித்தேன். 'ஓய்வுபெற்ற இசை ஆசிரியை.' வேறு யாருடைய அழைப்பிதழோ மாறி வந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். என் பெயர்தான். நான் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்ததில்லை. யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கிற பொறுமை எனக்குக் கிடையாது என்பது உனக்குத் தெரியும். உனக்குக் கிட்டார் பழக்கப் போய், இரண்டாம் நாளே நீயும் நானும் முகம் பார்க்காமல் சாப்பிட்டோமே. ஓய்வும் பெறவில்லை. நாளை விடிய மடுல்கெல்லைக்குப் படப்பிடிப்புக்குப் போகிறேன்.

இது எனக்கு முன்பே விளங்கியிருக்க வேண்டும். போன மாதம் ஷாலினியின் அம்மா மெல்பேர்னிலிருந்து வீடியோவில் பேசியபோது, "எந்தப் பள்ளிக்கூடத்திலை மியூசிக் படிப்பிச்சனீங்கள், சம்பந்தி?" என்று கேட்டார். திரையின் மூலையில் உன் முகம் தெரிந்தது. பரீட்சை முடிவு பார்க்கப் போன நாளில் உன் முகம் அப்படித்தான் இருந்தது. நான் வாய் தடுமாறி, "பல எடத்துலங்க" என்றேன். அந்த நல்ல மனுஷி, "ஓம் ஓம், ட்ரான்ஸ்பர் எண்டால் அலைச்சல்தானே. நானும் ரீச்சராய் இருந்தனான், எனக்குத் தெரியும்" என்று எனக்காக இரக்கப்பட்டார். எனக்குக் கிடைக்காத இடமாற்றத்துக்கு அவர் பட்ட இரக்கம் இன்னும் உறுத்துகிறது. டெலிநாடகங்களில் எத்தனையோ அசட்டு வசனம் பேசியிருக்கிறேன். அன்றைக்கு நடித்த அளவு மோசமாக நான் எங்கும் நடித்ததில்லை.

அழைப்பு முடிந்ததும் நீ தனியாகப் போன் எடுத்தாய். "அம்மா, அவங்க வாத்திமார் குடும்பம். பேண்ட், சினிமா எல்லாம் சொன்னா வேற மாதிரி நெனப்பாங்க. ஒரு நாள்தானம்மா. வாசிக்க வேணாம், படத்தப் பத்திப் பேச வேணாம். முடியையாவது வெட்டாம இருங்க" என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீ அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாய். மகனே, முடியை வெட்டியாயிற்று. இந்தப் படத்தில் நான் தோட்டத்துத் தொழிற்சங்கத்துக்காரி. ஒட்ட வெட்டிய தலைதான் வேண்டும் என்றார்கள், போய் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்குள் வளர்கிற அளவு வளரும். மிச்சத்துக்கு முக்காடு போடுகிற எண்ணம் எனக்கு இல்லை.

உன் மேல் கோபம் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு எழுதினால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். ஆனால் நீ ஏன் இப்படிச் செய்தாய் என்பது எனக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்தில் பையன்கள், "உங்கம்மா ஹோட்டல்ல ஆடுறாங்களாமே" என்று கேட்டதும், அதற்குப் பிறகு நீ என்னை வாசலுக்கு வர விடாமல் ரோட்டு வளைவிலேயே இறங்கிக்கொண்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது நீ சின்னப் பிள்ளை, நானும் விட்டுவிட்டேன். இப்போது உனக்குக் கல்யாணம். இப்போதும் நான் வளைவில் நிற்க முடியாது.

நீ பார்க்காத காலத்திலிருந்து சொல்கிறேன். மஹய்யாவ வேதக்கோயில் பாடற்குழுவில் கிட்டார் பிடிக்கப் பழகினேன். பூசைப் பாட்டுக்கு மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தவளை, கட்டுகஸ்தோட்டைப் பைசல் ஒரு நாள் தன் டிரம்ஸ் வைத்திருந்த கராஜுக்குக் கூட்டிப்போனான். உன் பைசல் மாமாதான். அங்கே இருந்த எலெக்ட்ரிக் கிட்டாரை அம்ப் பெட்டியில் மாட்டி ஒரே ஒரு முறை இழுத்தேன். கராஜ் தகரம் அதிர்ந்தது, பைசலின் உம்மா குசினியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, இனி மெதுவாக வாசிக்க என்னால் ஆகாது என்று. நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த பேண்டுக்கு 'மிட்நைட் கங்காணிஸ்' என்று பெயர் வைத்தோம். எங்கள் அப்பாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்தில் கங்காணியிடம் ஏச்சு வாங்கியே காலம் தள்ளியவர். "அதுனாலதான்ப்பா வெச்சோம், இனி நாங்க சத்தம் போடுவோம்" என்றேன். மனுஷன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் எழுந்து போய்விட்டார்.

கண்டியில் அப்போது கல்யாணம் என்றால் பேண்ட் வேண்டும். நாங்கள் போகிற கல்யாண ஹோலில் எல்லாம் முதலில் என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்வி, "பாட்டுப் படிக்கிற புள்ள நீங்கதானே?" என்பதுதான். நான் கிட்டாரில் வயரை மாட்டிக் காட்டுவேன். விருந்தாளிகள் வருகிற நேரத்தில் மெல்லிசை, கேக் வெட்டிய பிறகு எங்கள் ரொக், கடைசியில் எல்லோரும் பைலாப் பாட்டுக்கு ஆடிக் களைத்த பிறகுதான் எங்களுக்கு ஓய்வு. ஒன்று சொல்கிறேன், இதைக் கவனமாகக் கேள். அத்தனை கல்யாணத்தில் வாசித்தும் நாங்கள் ஒன்றில்கூட மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பேண்ட்காரர்களுக்குச் சாப்பாடு குசினிக்குப் பின்னால், எல்லோரும் எழுந்த பிறகு, மிஞ்சியது. பாடுகிறவன் கண்ணுக்கு முன்னால் புரியாணிச் சட்டி போகும். அவன் காதலைப் பற்றிப் பாடிக்கொண்டே அதைப் பார்ப்பான். இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, அதுதான் வழக்கம், எங்களுக்கும் அது வழக்கமாகிவிட்டது.

பேராதனை ரோட்டில் ஒரு கல்யாணத்தில், மணப்பெண் என்னோடு படித்தவள். இடைவேளையில் என் கையைப் பிடித்து இழுத்து மேசையில் உட்கார வைத்தாள். தட்டில் சோறு போட்டாயிற்று. அவளுடைய மாமா ஒருவர் வந்து, சத்தம் போடாமல், மரியாதையாகத்தான் சொன்னார். "மிஸ், இது சொந்தக்காரங்களுக்குப் போட்ட மேச. ஒங்களுக்குப் பின்னால வெச்சிருக்கு." நான் எழுந்துவிட்டேன். கையிலிருந்த தட்டை என்ன செய்வது என்று தெரியாமல் அதை அப்படியே தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போனேன். எனக்குப் பின்னால் இன்னொருவரும் தட்டோடு வந்தார். எதிர்க் கதிரையில் உட்கார்ந்திருந்தவர், மாப்பிள்ளையோடு தபால் கந்தோரில் வேலை செய்கிறவர். "நீங்க ஏன் வர்றீங்க, ஒங்களுக்கு அங்க எடம் இருக்கே" என்றேன். "இங்கயும் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். அவர்தான் உன் அப்பா. நாங்கள் எப்படிச் சந்தித்தோம் என்று நீ கேட்டபோதெல்லாம் 'கல்யாண வீட்டில்' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். முழுக்கதை இதுதான்.

அந்த மனுஷன் கடைசிவரை என்னைப் பற்றி ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னதில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, "தாயார் என்ன செய்றாங்க?" என்று பாதர் கேட்டார். நான் 'வீட்டில்' என்று சொல்ல வாயெடுத்தேன். உன் அப்பா முந்திக்கொண்டு, "ரொக் கிட்டார் வாசிக்கிறாங்க, பாதர்" என்றார். அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காக இருக்கிறாள் என்பதை எப்படிச் சொல்வாரோ அதே குரலில் சொன்னார். பாதர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "அப்படியே எழுதுங்க பாதர்" என்றார் உன் அப்பா. உனக்கு இடம் கிடைத்தது.

பிறகு பேண்டுகளின் காலம் குறைந்து, கல்யாணங்களுக்கு டீஜே வந்தார்கள். என் இடது கை மோதிர விரலும் மடங்க மறுத்தது. டொக்டர் கையைப் பார்த்துவிட்டு, "இனி வாசிக்க வேணாம்" என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் அழுதேன். அழுது முடித்த பிறகு, பின்னறையிலிருந்த அலுமாரியை வெளியே தள்ளி, சுவரில் முட்டை அட்டையும் பழைய மெத்தையும் அடித்து, அதைப் பாட்டுப் பதிவு செய்கிற அறையாக்கினேன். கையால் செய்ய முடியாததைக் காதால் செய்யலாம் என்று பட்டது. உன்னுடைய உயர்தர வகுப்பு முழுக்க அந்த அறைக்குப் பக்கத்து மேசையில்தான் நடந்தது. சிவப்பு லைட் எரிந்தால் குக்கர் விசிலடிக்கக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது, நீ இருமக் கூடாது. நீ சத்தமில்லாமல் பக்கம் புரட்டப் பழகினாய். அது உனக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

தெல்தோட்டையிலிருந்து தப்படிக்கிற குழு வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். நல்ல மழைக்காலம். பதிவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக அறைக்குள் விட்டு, காதில் ஹெட்போனை மாட்டி, டிக் டிக் என்று தாளம் கொடுத்தேன். வெளிநாட்டுக்காரன் செய்வதை வீடியோவில் பார்த்து வைத்திருந்த புத்தி. ஈரத்தில் தோல் தொய்ந்து, ஈரச் சாக்கை அடித்த மாதிரி சத்தம் வந்தது. தப்பை நெருப்பில் காய்ச்சித்தான் அடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் முட்டை அட்டை ஒட்டிய அறைக்குள் நெருப்பு எப்படி வைப்பது? தலைமுடி காய வைக்கிற மெஷினைக் கொண்டுவந்து தோலுக்குப் பிடித்தேன். குழுவில் மூத்தவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இது தோலுங்க, தலமுடி இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம், எனக்கு மட்டும் உள்ளுக்குள் எரிந்தது. மழை விட்டதும் மைக்கை ஜன்னல் வழியாக வெளியே நீட்டினேன். வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் அட்டைப் பெட்டியும் வைக்கோலும் போட்டு நெருப்பு மூட்டி, தப்பைக் காய்ச்சி, அங்கேயே சேர்ந்து அடித்தார்கள். மஹய்யாவ முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. அடி உச்சத்துக்குப் போய் நின்ற அந்தக் கணத்தில், டியூஷன் முடிந்து வந்த நீ, "அம்மா, பசிக்குது" என்றாய்.

அதை வெட்டியிருக்கலாம். ஒரு நொடி வேலை. நான் வெட்டவில்லை, ஏனென்றால் பதிவைப் போட்டுக் கேட்டபோது அந்த மூத்தவர், "அந்தத் தம்பி சொன்னதத்தான் நாங்களும் சொல்ல நெனச்சோம்" என்றார். வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க எனக்கு, பேண்ட்காரிக்கு, தோன்றவே இல்லை. உன் அப்பா இருந்த சோற்றையெல்லாம் அவர்களுக்குப் போட்டுவிட்டு நமக்குப் பேக்கரியில் பாண் வாங்கி வந்தார். தெல்தோட்டைப் பக்கம் திருவிழாவில் இன்றைக்கும் அந்தப் பதிவைப் போடுகிறார்கள். கடைசியில் உன் குரல் வரும். அங்கே பிள்ளைகள் அதையும் சேர்த்துச் சொல்கிறார்களாம். நீ மெல்பேர்னில் கணக்காளராக இருக்கிறாய், இங்கே மலையில் நீ ஒரு பாட்டின் முடிவு.

நடிப்பு நான் தேடிப் போனதல்ல. பின்னணி இசை பதிய வந்த ஒரு சிங்கள இயக்குநர், சுருதி விட்ட பாடகனை நான் ஏசுவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். மறுநாள் கூப்பிட்டு வேலைக்காரி வேடம் என்றார். தோட்டத்துப் பெண், சிங்களத்தை உடைத்து உடைத்துப் பேச வேண்டும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்றார். நான் கண்டியில் பிறந்து வளர்ந்தவள், அவரோடு அதுவரை சிங்களத்தில்தான் பேசிக்கொண்டிருந்தேன். "எனக்கு இப்படித்தான் வரும். உடைக்க வராது" என்று சொல்லிவிட்டேன். அந்த வேடம் வேறொருவருக்குப் போயிற்று. நீ அப்போது, "கிடைச்சத ஏன் விட்டீங்க" என்று என்னோடு சண்டை பிடித்தாய். நாடகம் ஓடிய நாளெல்லாம் எனக்கும் வயிறெரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் அதே மனுஷன் மறுபடி வந்தார், பஸ் ஸ்டாண்டில் வட்டிக்குக் கொடுக்கிற பெண் வேடத்தோடு. அவள் தெளிவாகப் பேசுவாள், எல்லோரும் அவளுக்குப் பயப்படுவார்கள். அதற்குப் பிறகு நான் சும்மா இருந்ததில்லை.

இதையெல்லாம் சொல்வது பெருமைக்காக அல்ல. ஷாலினி இன்றைக்கு மருந்தகத்தில் வேலை செய்கிறாள். ஒரு நாள் அதை விட்டு வேறொன்று தொடங்க நினைப்பாள். அல்லது அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போய், செய்து வந்ததை விட வேண்டி வரும். ஊர் அவளை எப்படிப் பார்க்கிறது என்பது அப்போது அவளுக்குப் பெரிசாக இருக்காது. நீ அவளை அடுத்தவர்களுக்கு என்னவென்று சொல்கிறாய் என்பதைத்தான் அவள் கவனிப்பாள். கல்யாணம் கட்டுகிறவனுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இவ்வளவுதான். உன் அப்பாவோடு வாழ்ந்ததில் எனக்குக் கிடைத்த பலம் அதுதான். எத்தனை சண்டை வந்தாலும், வெளியே ஒருவர் முன்னால் அவர் என்னைச் சின்னதாக்கிச் சொன்னதில்லை. அதனால்தான் ஒன்று முடிந்ததும் இன்னொன்றைத் தொடங்க எனக்குத் துணிச்சல் வந்தது.

இப்போது நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். நேற்றுப் பைசல் வந்திருந்தான். உனக்குக் கல்யாணம் என்று யார் மூலமாகவோ கேள்விப்பட்டிருக்கிறான். பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்துவிட்டு, "அக்கா, நான் கலியாணத்துக்கு வாறதா, வாசிக்க வாறதா?" என்று கேட்டான். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஏரியைச் சுற்றியவன், எந்த வாசலால் வருவது என்று என்னிடம் கேட்கிறான். அதை நீதான் சொல்ல வேண்டும். அவனுக்கு நீ போன் எடு. கல்யாணத்துக்கு வரச் சொல். வாசிப்பது அவன் இஷ்டம்.

உன் கல்யாணத்தில் நான் வாசிக்கப் போவதில்லை, பயப்படாதே. விரலுக்காக அல்ல, மூன்று விரலால் இன்னும் உன் ஹோலை அதிர வைப்பேன். அன்றைக்கு நான் மாப்பிள்ளையின் தாய், எனக்கு முன்வரிசைக் கதிரை இருக்கிறது, அதில் உட்கார ஆசையாக இருக்கிறது. ஆனால் டீஜேயோ பேண்டோ, யார் வந்தாலும், வயர் தூக்குகிற பையன் வரைக்கும், முதல் மேசை அவர்களுக்கு. உட்கார்ந்து, சூடாக, வாசிக்கத் தொடங்குவதற்கு முன்னால். இங்கே கண்டி ஹோல்காரரிடம் நான் பேசிவிட்டேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை, அதோடு ஒத்துக்கொண்டார். சம்பந்தி வீட்டார் கேட்டால் இது எங்கள் வீட்டு வழக்கம் என்று சொல். இன்றையிலிருந்து அது வழக்கம்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை ஷாலினி எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். பழைய கல்யாண வீடியோ ஒன்றை யாரோ இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு பெண் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணை மூடிக் கிட்டாரை அலற விடுகிறாள். கீழே ஷாலினி எழுதியிருக்கிறாள்: "மாமி, இது நீங்களோ?" அவ்வளவுதான். நான் இன்னும் பதில் போடவில்லை. அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் போனைத் திறந்து பார்ப்பாள் என்று நினைக்க எனக்குப் பாவமாக இருக்கிறது. ஆனாலும் இதை அவள் உன் வாயால் கேட்க வேண்டும் என்பதற்காகப் பொறுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவளுக்கு 'ஆமாம்' என்றல்ல, 'ஓம்' என்று அவளுடைய தமிழிலேயே பதில் போடுவேன். அதற்குள் நீ சொல்லியிருந்தால் நல்லது. அழைப்பிதழில் அந்த வரியையும் எடு. அதற்குப் பதிலாக என்ன போடுவது என்று யோசித்துத் தலையை உடைக்காதே. வெறும் பெயர் போதும், தொழிலை நானே சொல்லிக்கொள்கிறேன்.

கல்யாணத்தன்று யாராவது ஒருவர், ஒட்ட வெட்டிய தலையோடு முன்வரிசையில் இருக்கிற என்னிடம் வந்து, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று நிச்சயம் கேட்பார். நான் மறைக்க மாட்டேன். ரொக் கிட்டார் வாசித்தேன், பாட்டுப் பதிவு செய்கிறேன், படத்தில் நடிக்கிறேன் என்று சொல்வேன். கேட்டவர் முகத்தில் ஏதாவது மாறினாலும் மாறலாம். அந்த நேரத்தில் நீ வளைவில் நிற்காதே. வந்து என் இடது பக்கத்தில் நில். அங்கேதான் உன் அப்பா நிற்பார்.

உன் அம்மா